கையெழுத்துக்கு மேலே உள்ளது

உறையூர், திருச்சி
18-1-2024

அன்புள்ள தங்கை அனந்துவுக்கு வாஞ்சிநாதன் ஆசீர்வாதத்துடன் எழுதுவது. நானும் உன் மன்னி அனுராதாவும் பொங்கலை ஒப்பேற்றிவிட்டு சௌக்கியமாக இருக்கிறோம். ஆபரேஷனுக்குப் பிறகு மாப்பிள்ளை மஹாதேவன் எவ்வளவு தூரம் நடக்கிறார், உன் பெண் மதுவந்தி ஜாதவ்பூர் யூனிவர்சிட்டியில் படிக்கிறாளா அல்லது ஊர்வலம் மட்டும் போகிறாளா என்று எழுது.

போன் இருக்கும்போது தபால் எதற்கு என்று கேட்காதே. இருபத்தெட்டு வருஷம் கிடர்பூர் துறைமுகத்தில் கிரேனுக்குப் பக்கத்தில் நின்ற காது இது. மெஷினை மாட்டினால் நீ பேசுவது விசிலாகக் கேட்கிறது. பையன் போனில் எழுதச் சொன்னால் வீடே கூடி நின்று படிக்கிறது.

நிற்க. இங்கே ஒரு பெரிய கிடங்கில் சூப்பர்வைசர் வேலை தருகிறேன் என்கிறார்கள். பழைய கம்பெனியின் சர்வீஸ் சர்டிபிகேட் வேண்டுமாம். வேலையிலிருந்து நீக்கப்பட்டவனுக்கு அதைத் தர மாட்டோம் என்று கிடர்பூரில், நீ இன்னும் வேலை பார்க்கிற நம் கம்பெனியில் கைவிரித்துவிட்டார்கள். மேல்முறையீடு செய்யலாம், பிப்ரவரி கடைசி வரை தவணை உண்டு. அதை நீதான் எழுத வேண்டும். நடந்தது உனக்குத் தெரிந்ததுதான் என்றாலும், எழுதச் சௌகரியமாக வரிசையாகச் சொல்கிறேன்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. மேனேஜர் ஹரிஷங்கர் பாபு என்னைப் போனில் கூப்பிட்டு, "லாரி வந்திருக்கிறது, கிடங்குச் சாவியைக் கொடுத்துவிடு, கேட் பாஸில் நாளைக்குக் கையெழுத்துப் போடுகிறேன்" என்றார். கொடுத்தேன். முப்பது தேயிலைப் பெட்டிகள் தப்பான பார்ட்டியோடு போய்விட்டன. திங்கட்கிழமை அவர் போன் செய்யவே இல்லை என்றார். இவ்வளவுதான் கதை.

ஹரிஷங்கர் பாபுவே கொடுத்த விசாரணை அறிக்கையைப் படித்திருப்பாய். 'பை ஹூம்', 'அண்டர் ஹூஸ்', 'வித் விச்' என்று ரயில் பெட்டி மாதிரி கோத்து எழுதியிருக்கிறது. என்ன கம்பீரம்! என்னைத் திட்டுகிறது என்று புரிவதற்கே எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. ஹரிஷங்கர் பாபுவுக்கு அந்த இங்கிலீஷ் ஏது? எல்லாக் காகிதமும் உன் மேஜைக்குத்தானே வரும். அவர் கைப்பட எழுதிய பிரதி உன்னிடம் வந்ததா? அதில் போன் செய்ததைப் பற்றி ஏதாவது இருந்ததா? தெரிந்தால் எழுது.

வாஞ்சி

*

காளிகாட், கொல்கத்தா
12-2-2024

அன்புள்ள அண்ணாவுக்கும் மன்னிக்கும் அனந்தலக்ஷ்மி நமஸ்காரம். இங்கே மூவரும் நலம். அவர் மெட்ரோ ஸ்டேஷன் வரை நடந்துபோய் வருகிறார். மது படிக்கிறாள், ஊர்வலமும் போகிறாள். உங்கள் காதை வேறு டாக்டரிடம் காட்டினீர்களா?

பதில் எழுத நாளாகிவிட்டது. ஆபீசில் வருஷக் கடைசி வேலை. மேல்முறையீட்டை எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன், மூன்று பக்கம். சண்டைக்குப் போகிற மாதிரி எழுதுவதைவிடப் பணிவாக எழுதினால்தான் மேலே இருப்பவர்கள் மனம் இளகும் என்று தோன்றியது. கையெழுத்துப் போட வேண்டிய இடங்களில் பென்சிலால் பெருக்கல் குறி போட்டிருக்கிறேன். ஒருமுறை நிதானமாகப் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

மன்னிக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

அனந்து

*

உறையூர்
20-2-2024

அன்புள்ள அனந்துவுக்கு ஆசீர்வாதம். நலம், நலமறிய ஆவல். உன் மன்னியின் முழங்கால் அவளோடு சண்டை போட்டுக்கொண்டு சௌக்கியமாக இருக்கிறது.

காகிதம் நேற்றுக் காலை பத்து மணிக்கு வந்தது, பத்தரைக்கு ஸ்பீட் போஸ்டில் போய்விட்டது. படித்துப் பார் என்று என்னிடம் போய்ச் சொல்கிறாயே! அப்பா போனதிலிருந்து ரேஷன் கார்டு மனு, பையனின் காலேஜ் விண்ணப்பம், வீட்டுக்காரனுக்கு நோட்டீஸ் என்று நீ எழுதி நான் கையெழுத்துப் போட்டதை அடுக்கினால் ஒரு பீரோ நிறையும். ஒன்றையாவது படித்திருக்கிறேனா? டாக்டர் கொடுத்த மருந்தை முகர்ந்து பார்த்தா குடிக்கிறோம்? ஆனால் நகல் ஒன்று எடுத்து வைத்திருக்கிறேன், உன் மன்னியின் பிடிவாதத்தால்.

தொண்டையில் இருந்த முள் இறங்கின மாதிரி இருக்கிறது. ஒரு கேள்விக்கு மட்டும் நீ பதில் எழுதவில்லை, அவர் கைப்பட எழுதிய பிரதி பற்றி. மறந்திருப்பாய். இப்போது அவசரமில்லை.

வாஞ்சி

*

காளிகாட்
2-4-2024

அன்புள்ள அண்ணாவுக்கு நமஸ்காரம். எல்லோரும் நலம். இங்கே அதற்குள் வெயில் மண்டையைப் பிளக்கிறது. எதிர்வீட்டு வங்காளி மாமி, நம் மாஷிமா, மாவடு போடக் கற்றுக்கொடு என்று கேட்டு, போட்டு, அதில் சர்க்கரை சேர்த்துவிட்டாள். மது அதைத்தான் நன்றாக இருக்கிறது என்கிறாள்.

எனக்கு ஆபீசில் கண்ணாடித் தடுப்பு வைத்த தனி அறை கொடுத்திருக்கிறார்கள். இருமல் வருகிறது, ஏ.சி. ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது. வேறு விசேஷம் இல்லை. மன்னியைக் கேட்டதாகச் சொல்லவும்.

அனந்து

*

உறையூர்
28-4-2024

அனந்துவுக்கு. நலம்.

கம்பெனியிலிருந்து பதில் வந்துவிட்டது. மேல்முறையீடு தள்ளுபடி. காரணம் ஒரே வரி: குற்றத்தை மேல்முறையீட்டில் நானே ஒப்புக்கொண்டுவிட்டபடியால் மேற்கொண்டு விசாரிக்க ஒன்றுமில்லையாம்.

நான் எங்கே ஒப்புக்கொண்டேன் என்று உன் மன்னி கேட்டாள். எனக்கும் தெரியவில்லை. நகலை எடுத்து வைத்துக்கொண்டு, பையனின் பள்ளிக்கூட அகராதியோடு உட்கார்ந்தேன். மூன்று பக்கத்துக்கு ஒரு பகல் ஆயிற்று. இரண்டாம் பக்கம் நடுவில் ஒரு வாக்கியம். தமிழில் இப்படி வருகிறது: 'எந்தத் தவறுக்கு நான் ஒருவனே பொறுப்போ, எந்தத் தவறில் வேறு எவருக்கும் பங்கில்லையோ, அந்தத் தவறுக்காக மன்னிப்புக் கோருகிறேன்.'

ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது பற்றி மூன்று பக்கத்திலும் ஒரு சொல் இல்லை.

எனக்குத்தான் சரியாகப் புரியவில்லையோ என்று போஸ்ட் ஆபீஸ் தமிழரசனிடம் காட்டினேன். அவரும் அதையேதான் சொன்னார். பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, யார் சார் எழுதிக் கொடுத்தது என்று கேட்டார். தெரிந்த இடம் என்றேன்.

இதை ஏன் எழுதினாய் என்று மட்டும் சொல்லு. திருச்சி வேலையை வேறொருவனுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

வாஞ்சி

*

உறையூர்
30-5-2024

அனந்துவுக்கு. சென்ற மாதம் போட்ட கடிதம் கிடைத்ததா? உடம்புக்கு ஒன்றுமில்லையே? மாப்பிள்ளைக்கு ஏதாவது என்றால் உடனே தந்தி மாதிரி இரண்டு வரி எழுது.

வாஞ்சி

*

காளிகாட்
21-6-2024

அண்ணா,

நமஸ்காரம். இவருக்கு ஒன்றுமில்லை. எனக்கும் ஒன்றுமில்லை. கடிதம் மே நாலாம் தேதியே கிடைத்துவிட்டது. இவருக்கு ஏதாவது ஆகியிருக்குமோ என்று நீங்கள் கவலைப்பட்டு எழுதிய கார்டு வந்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. திட்டி எழுதியிருந்தால் தாங்கியிருப்பேன்.

ஜனவரியில் நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்கிறேன். ஹரிஷங்கர் பாபு கைப்பட எழுதிய பிரதி என் மேஜைக்கு வந்தது. மூன்றாம் வரியில் 'சாவியைக் கொடுக்கும்படி வாஞ்சியிடம் போனில் நான்தான் சொன்னேன்' என்று அவர் எழுத்தில் இருந்தது. எழுதிவிட்டு அவரே அதைக் குறுக்கே அடித்திருந்தார். அடித்தாலும் படிக்க முடிந்தது. ஆபீசில் எல்லோருக்கும் நான் அக்காதானே. "லக்ஷ்மி-தி, இதை விட்டுவிட்டு மற்றதை நல்ல இங்கிலீஷில் போட்டுக் கொடுங்கள். உங்கள் அண்ணா விஷயம், உங்கள் கையால் எழுதினால் மெதுவாக இருக்கும்" என்றார். நானும் அப்படித்தான் நினைத்தேன். வேறு யாராவது எழுதினால் திருடன் என்றே எழுதிவிடுவான், நான் எழுதினால் கவனக்குறைவு என்பதோடு நிற்கும் என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அந்த 'பை ஹூம்', 'அண்டர் ஹூஸ்' எல்லாம் நான் போட்டதுதான். நீங்கள் கம்பீரம் என்றீர்களே, அந்தக் கம்பீரம் என்னுடையது. எந்தச் சாவியால் கிடங்கு திறக்கப்பட்டதோ, அது எவருடைய பொறுப்பில் இருந்ததோ, அவரால் எந்த விதி மீறப்பட்டதோ என்று நீட்டிக்கொண்டே போனால், சாவியைக் கொடுக்கச் சொன்னது யார் என்று கேட்கப் படிக்கிறவனுக்குத் தோன்றாது. முப்பது வருஷமாக அந்த வித்தையைத்தான் செய்கிறேன். கப்பல் தாமதத்துக்கும் நனைந்த சரக்குக்கும் செய்ததை உங்களுக்குச் செய்தேன்.

டைப் ஆனதும் கைப்பிரதியைக் கிழித்துவிடச் சொன்னார். கிழித்தேன்.

மேல்முறையீட்டில் போன் வந்ததைப் பற்றி எழுதினால், யார் சாட்சி என்று கேட்பார்கள். கைப்பிரதியைப் பார்த்தவள் நான் ஒருத்திதான். என் பெயர் வெளியே வரும். அதனால் மன்னிப்புக் கடிதமாக எழுதினேன். இரக்கப்பட்டுச் சர்டிபிகேட்டாவது தருவார்கள் என்று நினைத்தேன். 'வேறு எவருக்கும் பங்கில்லை' என்று எழுதியபோது ஹரிஷங்கர் பாபு என் பக்கத்தில் இல்லை, யாரும் சொல்லவில்லை. நானாகச் சேர்த்தேன். படித்துப் பாருங்கள் என்று உங்களுக்கு எழுதினேனே, படிக்க மாட்டீர்கள் என்று தெரிந்தே எழுதினேன். இதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

இவருடைய வைத்தியத்துக்கு என் ஆபீஸ் இன்ஷூரன்ஸ்தான் ஆதாரம், மதுவுக்கு இன்னும் படிப்பு முடியவில்லை என்றெல்லாம் காரணம் சொல்லலாம். அதெல்லாம் நிஜம்தான். ஆனால் அதற்கு மேல் ஒன்று இருக்கிறது. லக்ஷ்மி-தி பார்க்காமல் இந்த ஆபீசிலிருந்து ஒரு காகிதம் வெளியே போகாது என்று எல்லோரும் சொல்வது எனக்குப் பிடித்திருந்தது. அந்த நாற்காலியை விட மனசில்லை.

என்னை மன்னியுங்கள் என்று எழுதக் கை வரவில்லை. அந்தச் சொல்லை உங்கள் பெயரில் ஒருமுறை எழுதிக் கெடுத்துவிட்டேன்.

அனந்து

*

உறையூர்
15-7-2024

அனந்துவுக்கு அனுராதா எழுதுவது. நாங்கள் இருக்கிறோம். நீங்களும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

உன் கடிதத்தை உன் அண்ணா படித்தார். மடித்துப் பீரோவில் வைத்தார். சாப்பிடுகிறார், தூங்குகிறார், கடைக்குப் போகிறார். உன்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கத்தினால் எனக்கு நிம்மதியாக இருக்கும். நேற்று எலெக்ட்ரிக் பில்லைக் கையில் வைத்துக்கொண்டு, அதன் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் அச்சடித்திருக்கிறதே, அதைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்துக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அவர் பெயரில் ஊரார் திருட்டுப் பட்டம் ஒட்டியபோது நான் யார் யாரையோ சபித்தேன். எதிரே வருகிறவன் மேலெல்லாம் சந்தேகப்பட்டேன். உன்னை மட்டும் ஒருநாளும் நினைக்கவில்லை.

உன் மனப் பாரத்தை எங்களிடம் இறக்கிவிட்டாய். உனக்கு லேசாகியிருக்கும். எங்களுக்கு அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை. நீ எழுத வேண்டிய கடிதம் உறையூருக்கு அல்ல. கிடர்பூருக்கு. வேறு சொல்வதற்கில்லை.

அனுராதா

*

காளிகாட்
9-8-2024

அன்புள்ள மன்னிக்கும் அண்ணாவுக்கும் நமஸ்காரம். உங்கள் கடிதம் சரியான அறை, மன்னி. வேண்டியதுதான்.

இவரிடமும் மதுவிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். இவர், என் ஆபரேஷனை இதில் காரணமாகக் காட்டாதே என்றார். மது என் முகத்தைப் பார்க்காமல் வங்காளியில் ஏதோ சொல்லிக்கொண்டு எழுந்து போனாள். எனக்கு வங்காளி புரியும்.

முதலாளிக்கு எழுத உட்கார்ந்தேன். முதல் தடவை எழுதியதைப் படித்துப் பார்த்தால் மறுபடியும் 'எந்தச் சூழ்நிலையில்', 'எவருடைய அறிவுறுத்தலின் பேரில்' என்று என் கை பழைய வழியிலேயே ஓடியிருந்தது. நான் செய்தது எங்கேயோ போய் ஒளிந்துகொண்டுவிட்டது. கிழித்தேன். இரண்டாவதும் அப்படியே. கடைசியில் முதலில் தமிழில் எழுதி, மூன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி வரிக்கு வரி இங்கிலீஷில் போட்டேன். அதன் தமிழை இங்கே அப்படியே தருகிறேன்.

'ஹரிஷங்கர் பாபு வாஞ்சிநாதனுக்குப் போன் செய்தார். சாவியைக் கொடுக்கச் சொன்னார். அவரே அப்படி எழுதியதை நான் படித்தேன். அவர் அதை எடுக்கச் சொன்னார். நான் எடுத்தேன். தாளைக் கிழித்தேன். வாஞ்சிநாதன் பெயரில் போன மேல்முறையீட்டையும் நான்தான் எழுதினேன். அவர் படிக்காமல் கையெழுத்துப் போட்டார். அவர் என் அண்ணா.'

அனுப்புவதற்கு முன் ஹரிஷங்கர் பாபுவிடம் ஒரு பிரதி கொடுத்தேன். முதுகுக்குப் பின்னால் இன்னொரு காரியம் செய்ய எனக்குத் தெம்பு இல்லை. நின்றபடியே படித்தார். "லக்ஷ்மி-தி, இவ்வளவு மட்டமான இங்கிலீஷ் நீங்கள் எழுதி நான் பார்த்ததில்லை" என்றார். ஆமாம் என்றேன். பிறகு முதலாளி அறைக்குப் போய் வைத்துவிட்டு வந்தேன்.

மறுநாளே என்னைத் தபால் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். கவர் ஒட்டிப் பதிவு செய்கிற வேலை. வேலை போகவில்லை, இன்னும் போகலாம். முதலாளி மட்டும் ஒருநாள் கூப்பிட்டு, கேட்டால் இதையே வாயால் சொல்வாயா என்றார். சொல்வேன் என்றேன்.

இதனால் அண்ணாவின் திருச்சி வேலை திரும்ப வராது என்று தெரியும்.

அனந்து

*

உறையூர்
21-10-2024

அனந்துவுக்கு வாஞ்சிநாதன் எழுதுவது. நாங்கள் நலம். விஜயதசமி கழிந்து ஒன்பது நாளாகிறது, இருந்தாலும் உங்கள் ஊர் வழக்கப்படி மாப்பிள்ளைக்கும் மதுவுக்கும் என் ஆசிகள்.

கம்பெனியிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. மறு விசாரணை நவம்பர் பதினெட்டாம் தேதி. இந்தத் தடவை பையனை வைத்துக்கொண்டு முழுக்கப் படித்தேன். என்னையும் உன்னையும் ஹரிஷங்கர் பாபுவையும் வரச் சொல்லியிருக்கிறது. சொல்ல வேண்டியதை நானே எழுதியிருக்கிறேன். ஒன்றரைப் பக்கம். தப்பும் தவறுமாக இருக்கும், இருக்கட்டும். உனக்குத் திருத்த அனுப்பவில்லை.

உன் ஜூன் மாதக் கடிதத்தைப் பல தடவை படித்துவிட்டேன். கோபம் வரும் வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. வெட்கம்தான் வந்தது. ஐம்பத்தேழு வயதில் என் பெயருக்கு மேலே என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காதவன் நான். அதில் உன் தப்பு எவ்வளவு, என் சோம்பல் எவ்வளவு என்று பிரித்துப் பார்த்தேன். கணக்கு வரவில்லை. ஆனால் கிழித்தேன் என்று எழுதியிருக்கிறாயே, அந்த ஒரு சொல்லை மட்டும் என்னால் தாண்டிப் போக முடியவில்லை. மற்றதெல்லாம் பயம் என்று விட்டுவிடலாம்.

பதினாறாம் தேதி ஹவுரா வந்து சேருகிறேன். ஸ்டேஷனுக்கு வர வேண்டாம். உன் வீட்டில் தங்கப் போவதில்லை. ஜாதவ்பூரில் பழைய சிநேகிதன் முத்துக்குமார் அறை ஏற்பாடு செய்திருக்கிறான். விசாரணைக்கு முன்னால் அண்ணனும் தங்கையும் ஒரே வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தால், இரண்டு பேரும் பேசிவைத்துக்கொண்டு வந்தார்கள் என்று ஹரிஷங்கர் பாபு சொல்லுவார். அதற்கு இடம் கொடுக்கக் கூடாது. மாப்பிள்ளை கேட்டாலும் மது கேட்டாலும் இதையே சொல்லு. நியாயமான காரணம், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

உனக்கு மட்டும் சொல்கிறேன், காரணம் அது அல்ல.

வாஞ்சி